துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிக்கு

ஐடிஐ ஃபிட்டர் முடித்த 20 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். துப்பாக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை, அதற்கு எங்கே படிக்க வேண்டும்? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் இப்போதே தொடங்கிவிடலாமா? தெரிந்தவர் ஒருவர் தோட்டத்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? மூன்று கேள்விகள் என்றாலும் அவர் மனசு நிற்பது மூன்றாவதில்தான். கையில் வேலை தெரியும், வேலை கொடுக்க ஆளும் வந்துவிட்டார், ஆரம்பித்துவிடலாமா என்கிறார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. தொடாதீர்கள். கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட வாங்கி வைக்காதீர்கள்.

நான் ராணுவத்தில் ஈ.எம்.இ. என்ற பொறியியல், பழுதுபார்ப்புப் பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிப்பவராக, 17 ஆண்டுகள் இருந்தேன். வெளியே வந்தபிறகு உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில் 11 ஆண்டுகள். ரைஃபிளும் 12 போர் என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கியும் என் கைக்குப் பழகியவை. போட்டிகளில் சுடும் காற்றுத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங், சீல் வேலைகள் செய்திருக்கிறேன். எலக்ட்ரானிக் விசை உள்ளவற்றில் கை வைத்ததில்லை. இதைத் தாண்டி நான் எதையாவது சொன்னால் அது பக்கத்தில் நின்று பார்த்ததாக இருக்கும், அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கி தயாரிப்பது, விற்பது, உருமாற்றுவது, சோதிப்பது எல்லாவற்றோடும் சேர்த்து பழுதுபார்ப்பதையும் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. மீறினால் 25ஆம் பிரிவு. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கிக்காரரிடம் லைசென்ஸ் இருக்கிறதே, பிறகென்ன என்பார்கள். அவருடைய லைசென்ஸ் அவர் அதை வைத்துக்கொள்வதற்கு. அதில் இன்னொருவர் தொழிலாகக் கை வைப்பதற்கு வேறு உரிமம், அது கடைக்கு அல்லது பட்டறைக்குக் கொடுக்கப்படுவது. போதாததற்கு, 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. உங்களுக்கு 20. அந்தத் தோட்டத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸே இல்லை என்றால், காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் பல நாட்டுத் துப்பாக்கிகளுக்குக் கிடையாது, நிலைமை இன்னும் மோசம்.

எங்கள் ஊர்ப்பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவர் கடைந்த புஷ்ஷை மைக்ரோமீட்டர் வைக்காமலே எடுத்துப் பொருத்தலாம், அப்படிப்பட்ட கை. யாரோ நாட்டுத் துப்பாக்கியின் உடைந்த குதிரை என்ற பாகத்தைக் கொண்டுவந்து பற்றவைத்துத் தரச் சொல்ல, முந்நூறு ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். அந்தத் துப்பாக்கி வேறொரு வழக்கில் பிடிபட்டபோது பட்டறையும் வழக்கில் வந்துவிட்டது. மனைவி லேத்தை விற்று வக்கீலுக்குக் கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றித் துப்பாக்கிப் பட்டறைகளை உண்டாக்கிய நாளிலிருந்து அந்த ஊருக்குத் துப்பாக்கிதான் தொழில். உரிமத்தோடு நடக்கும் பட்டறைகள் இன்றும் அங்கே உண்டு. ஆனால் அந்த ஊர்ப்பெயர் செய்தியில் வருவதெல்லாம் கள்ளத் துப்பாக்கிக்காகத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த கைகள் ஜெயிலுக்குப் போகின்றன. நம் நாட்டில் இந்தத் தொழில் உரிமம் என்ற கூரைக்குக் கீழேதான் நடக்கும். நீங்கள் கூரை கட்ட இன்னும் பல வருடம் ஆகும். அதுவரை, ஏற்கெனவே கூரை இருக்கும் இடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுக்கத் துப்பாக்கியே தேவையில்லை.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் படிப்பு எங்கே என்று கேட்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். ராணுவப் பயிற்சியில் என் உஸ்தாத், அதாவது ஆசிரியர், முதல் சில வாரம் துப்பாக்கியைக் காட்டவே இல்லை. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து, "இதைச் சரி பண்ணு" என்றார். கடையில் வாங்கும் ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அது ஸ்க்ரூ பள்ளத்தின் மேல்விளிம்பில் மட்டும் பிடிக்கும். அழுத்தித் திருப்பினால் நழுவும், விளிம்பு சிதையும், பக்கத்து இரும்பில் கோடு விழும். துப்பாக்கிக்கு வைத்திருக்கும் டிரைவரின் நுனி இரண்டு பக்கமும் நேராக இருந்து, பள்ளத்தின் அடிவரை போய் உட்கார வேண்டும். அகலமும் பள்ளத்தின் அகலமே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு டிரைவர் என்று நானே அரைத்துச் சேர்த்தது இன்று என் பெட்டியில் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. பழைய துப்பாக்கி ஒன்று மேஜைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பாரலை, அதாவது குழலை அல்ல, ஸ்க்ரூ தலைகளைத்தான். அவை சிதைந்திருந்தால், இதற்கு முன்னால் இதைத் திறந்தவருக்கு அவசரம் என்று தெரிந்துவிடும். உள்ளே என்னென்ன கெடுத்து வைத்திருப்பார் என்ற பயத்தோடுதான் திறப்பேன்.

இனி வழிகள். உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். நம் நாட்டில் பணம் கட்டிப் படித்துவிட்டு வெளியே வந்து கடை போடுகிற மாதிரியான கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) படிப்பை நம்பி யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ஃபிட்டர் சான்றிதழ்தான் கதவு. மெஷினிஸ்ட், டர்னர், கிரைண்டர், டூல் அண்ட் டை இவையும் அதே அளவுக்குச் செல்லும்.

திருச்சியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி செய்யும் ஆலை நம் மாநிலத்திலேயே இருப்பது பல பேருக்குத் தெரியாது. பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, திருச்சி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் நிறுவனத்துக்குள் போனது. வங்காளத்து இச்சாப்பூர் ரைஃபிள் ஆலை, கான்பூர் சிறு ஆயுத ஆலை எல்லாம் அதே நிறுவனம்தான். இந்த ஆலைகளில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஐடிஐ முடித்தவர்களை எடுப்பார்கள். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஆனால் பாரலுக்குள் ரைஃப்ளிங் என்ற திருகு வரிகள் எப்படி விழுகின்றன, ஒரு ரைஃபிள் பரிசோதனை மேஜையில் ஏன் தள்ளுபடி ஆகிறது என்று ஒரு வருடம் கிட்ட நின்று பார்ப்பது வேறெங்கும் கிடைக்காது.

இரண்டாவது வழி நான் வந்தது. ராணுவத்தில் ஈ.எம்.இ.யில் ஆர்மரர் என்றே ஒரு பிரிவு உண்டு. இப்போது சேர்ப்பு அக்னிவீர் வழியாக, டெக்னிகல் பிரிவில் ஐடிஐ படித்தவர்களுக்கு இடம் இருக்கிறது. நான்கு ஆண்டு சேவை, அதன்பின் நாலில் ஒரு பங்கு வரைக்கும்தான் நிரந்தரம். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள்: எந்தத் தொழில்பிரிவு என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள்தான் ஒதுக்குவார்கள். ஆர்மரர் ஆகத்தான் வருவேன் என்று போய் வண்டி மெக்கானிக் ஆனவர்களும் என்னோடு இருந்தார்கள். மத்திய ஆயுதப் படைகளிலும் மாநிலக் காவல்துறையிலும் ஆர்மரர் வேலை உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படை இந்தூரில் நடத்தும் ஆயுதப் பள்ளியைப் பற்றி அங்கே போய் வந்த நண்பர்கள் உயர்வாகவே சொல்வார்கள். ஆயுத பூஜை அன்று ஒரு ஆயுதப் படை வளாகத்துக்குப் போயிருந்தால் தெரியும், வரிசையாகக் குங்குமம் வைத்து நிற்கும் அத்தனை ரைஃபிளும் ஒரு ஆர்மரரின் கையைத் தாண்டித்தான் அங்கே வந்திருக்கும்.

ஆனால் ராணுவ ஆர்மரர் ஆகிவிட்டால் கன்ஸ்மித் ஆகிவிட்டதாக நானும் நினைத்திருந்தேன். கடைப் பட்டறையில் முதல் மாதமே அது உடைந்துபோனது. படையில் ஒரு பாகம் தேய்ந்தால் கேஜ் வைத்துப் பார்ப்போம், அளவு தாண்டியிருந்தால் ஸ்டோரிலிருந்து புதிது வரும், மாட்டுவோம். கடைக்கு வருவதோ ஒருவருடைய தாத்தா வாங்கிய இங்கிலீஷ் இரட்டைக்குழல். அதற்கு ஸ்பேர் எங்கே? செய்த கம்பெனியே மூடி ஐம்பது வருடம் இருக்கும். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் உடைந்திருந்தால், அதை மாதிரியாக வைத்துக்கொண்டு புதிதாகக் கடைய வேண்டும், சூடேற்றிப் பதம் கொடுக்க வேண்டும். பதம் கூடினால் ஒடியும், குறைந்தால் நுனி மழுங்கும், நுனி கூராக நின்றால் தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பையே துளைத்து, வெடிவாயு சுடுபவர் முகத்துப் பக்கம் திரும்பும். மூன்றில் எது தவறினாலும் அடிபடுவது துப்பாக்கியை நம்பிக் கொடுத்தவர்.

பாரலும் ஆக்‌ஷனும் (பாரல் வந்து பொருந்தும் உடல்பகுதி) எங்கே உரசுகின்றன என்று பார்க்க அந்தக் கடையின் பெரியவர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தார். விளக்குப் புகையை இரும்பில் மெல்லப் படியவிட்டு, துப்பாக்கியை ஒருமுறை மூடித் திறப்பார். கரி அழிந்து பளபளக்கும் இடத்தில் மட்டும் அரம் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மறுபடி புகை. ஒரு நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருப்பார். உங்களுக்கு ஐடிஐயில் மார்க்கிங் ப்ளூ தடவி மட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதேதான். அந்தப் பயிற்சியை எரிச்சலாக முடித்திருந்தால், திரும்பிப் போய் இன்னொரு முறை செய்யுங்கள்.

அவரிடம் கற்ற இன்னொன்று பாரலைக் காதால் பார்ப்பது. இரட்டைக்குழலின் இரண்டு பாரல்களும் நடுவில் ஒரு பட்டையோடு சேர்த்து ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டவை. பாரலை மட்டும் கழற்றி, அதன் அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் ஒரு தட்டு. பற்று சரியாக இருந்தால் கோயில் மணி போல நீண்டு ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் உடைந்த பானை மாதிரி ஒரு சத்தம், உடனே நின்றுவிடும். விட்ட இடத்தில் ஈரம் போய், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் துரு தின்றுகொண்டிருக்கும்.

உயிர் போகிற விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய இங்கிலீஷ் 12 போர் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர் என்று சொல்வோம். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் அது அந்தச் சின்ன அறைக்குள்ளும் சுகமாகப் போய்விடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஒரு எஸ்டேட் குடும்பத்திலிருந்து இப்படி ஒன்று வந்தது. பல வருடம் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றார் வந்தவர். பாரலின் அடிப்பக்கத்தில் இருந்த ப்ரூஃப் (பாதுகாப்புச் சோதனை) முத்திரைகளைக் காட்டி, அறையை அளந்து காட்டி, இனி இதில் பெரிய தோட்டா போடவே கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் திருப்பிக் கொடுத்தோம். முடியாது என்று சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

தொழிலில் வருமானம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் விழுந்தது. அதோடு தமிழ்நாட்டில் துப்பாக்கிக் கடைகளின் நல்ல காலமும் முடிந்தது என்று பெரியவர் சொல்வார். 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இன்று பட்டறைக்கு வருவது வங்கிக் காவலர்களின் 12 போர், விவசாயிகளுடையது சில, பரம்பரையாக வந்தவை சில. தேர்தல் முடிந்த மாதத்தில் மட்டும் கூட்டம் இருக்கும். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். உறையோடு சுற்றிக் கொடுத்தது மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, தோலும் துணியும் ஈரத்தை இழுத்துத் துருவோடு திரும்பி வரும். எண்ணெய் போட்டு, உறை இல்லாமல் கொடுங்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடையில் மாதம் பத்துத் துப்பாக்கி பழுதுக்கு வந்தால் அது நல்ல மாதம். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது; கடையில் விற்பனையும் இருந்ததால் எனக்குச் சம்பளம் வந்தது.

பக்கத்தில் கர்நாடகத்தின் குடகு மட்டும் விதிவிலக்கு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் குறிப்பிட்ட துப்பாக்கிகளுக்கு உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. செப்டம்பரில் கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடும் வீடுகள் அவை. விலக்கு துப்பாக்கி வைத்திருப்பவருக்குத்தான், பழுதுபார்ப்பவருக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம். உரிமம் உள்ள பட்டறையில் உதவியாளாகச் சேர அந்தப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம்.

வளர்ச்சி இருப்பதாக நான் நம்புவது இரண்டு இடத்தில். இது என் கணிப்புதான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தனியார் ஆலைகள். பெங்களூரில் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ், அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏகே 203 செய்யும் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் என்று வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் உண்டு. இவர்களுக்கு வேண்டியது சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) தெரிந்த, மைக்ரானில் யோசிக்கிற ஆள்.

மற்றது விளையாட்டு. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. அதைச் சரிசெய்வதிலேயே நேரம் போய், 575 புள்ளிகளோடு 12ஆவது இடம். இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று போனது. அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் பிஸ்டல் பழுதான அன்றைய ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உட்கார முடியவில்லை, ஓடிப்போய்க் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நம் ஊரிலும் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் மாதிரி ட்ராப் என்ற பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் ஒலிம்பிக் வரை போனவர்கள் இருக்கிறார்கள். சென்னை, கோவை ரைஃபிள் கிளப்களில் காற்றுத் துப்பாக்கியோடு வரும் பிள்ளைகள் அதிகம். அவற்றைப் பொறுமையாகப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதுதான் நான் போன இடங்களில் பார்த்தது.

உங்கள் வயதுக்கும் நிலைமைக்கும் நான் காட்டும் வாசல் இதுதான். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 காலிபர், 20 ஜூலுக்கு மிகாத காற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஒன்றை ரசீதோடு வாங்குங்கள். உங்கள் சொந்தத் துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, சீல் மாற்றி, மறுபடி மாட்டிப் பழகுங்கள். அதன் சக்தியைக் கூட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 20 ஜூலைத் தாண்டினால் அது உரிமம் வேண்டிய ஆயுதம் ஆகிவிடும். மற்றவர்களுடையதைக் காசுக்குச் செய்வதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில், ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகவோ தன்னார்வலராகவோ சேருங்கள். கூடவே அப்ரண்டிஸ் அறிவிப்புக்கும் அக்னிவீர் அறிவிப்புக்கும் விண்ணப்பியுங்கள். வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆஸ்திரியாவின் ஃபெர்லாக், பெல்ஜியத்தின் லியேஜ் போன்ற ஊர்களில் பள்ளியிலேயே துப்பாக்கித் தொழில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் 1947இலிருந்து படிப்பு நடக்கிறது. மொழி, செலவு ஒருபக்கம். அமெரிக்காவில் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டமே பொதுவாகத் தடை போடுகிறது, விதிவிலக்குகள் சிலவே. இப்போதைக்கு அதை மனதில் ஏற்ற வேண்டாம் என்பதே என் எண்ணம்.

தோட்டத்துத் துப்பாக்கி கொண்டுவருகிறேன் என்றவரிடம், லைசென்ஸ் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உரிமம் உள்ள கடைக்குப் போகச் சொல்லுங்கள். இல்லை என்றால் அந்தப் பேச்சையே அதோடு நிறுத்திவிடுங்கள். காற்றுத் துப்பாக்கி வாங்கி, அதற்கென்று ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீங்களே அரைத்து முடித்ததும், திறப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ தலையை ஒரு படம், மாட்டி முடித்தபின் அதே ஸ்க்ரூவை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.